பனிப்புகாருக்குள் ஓர் இருமல்

அத்தான்,

இன்று காலை உங்கள் துவக்கை எடுத்து எண்ணெய் பூசினேன். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கையைக் கழுவிவிட்டேன்; வாசனை போகவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனால் அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. உங்கள் காரிலும் உங்கள் பச்சை மேலங்கியிலும் எந்நேரமும் இருந்த அதே வாசனை. நீங்கள் இருந்த காலத்தில் எனக்கு அது பிடிக்கும். இப்போது கோப்பையைத் தள்ளி வைத்துவிடுகிறேன்.

துவக்கு என்னிடம் வந்தது இப்படி. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்து சில நாளில் அக்கா தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, பொலிஸ் கந்தோரில இருந்து கடிதம் வந்திருக்கு. இவற்ற துவக்கை நான் வீட்டில வச்சிருக்கேலாதாம். லைசன்ஸ் உள்ள ஆக்களிட்டத்தான் குடுக்கலாமாம். நீ வந்து கொண்டு போறியோ?"

"ஓம் அக்கா, சனிக்கிழமை வாறன்."

வுப்பர்டாலில் உங்கள் வீட்டின் அடித்தளக் கெல்லர் படிகளில் நான் முன்னால் இறங்க, அக்கா சாவியோடு பின்னால் வந்தார். நான் இரும்பு அலுமாரியைத் திறந்து, துவக்குக்குள் ரவை இல்லை என்று இரண்டு தரம் பார்த்து, அதை உறையில் போடும் வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள். இரண்டு வருடத்துக்கு மேலாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்ததை, நீங்கள் இல்லாத வீட்டில், உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன். இனி எழுதத்தான் முடியும். எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் வேட்டைக்காரர் ஆனதே ஊருக்குப் பெரிய பகிடி. நீங்கள் வேலை செய்த கடைச்சல் பட்டறையில் உங்களுக்கு மேலாளாக இருந்த ஹைன்ஸ், வுப்பர்டாலுக்குத் தெற்கே மலைப்பக்கக் காடொன்றை வேட்டைக்குக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஒரு கார்த்திகையில் மான் கலைக்க ஆள் போதாதென்று உங்களைக் கூப்பிட்டார். பற்றைகளுக்குள் தடியால் தட்டிக்கொண்டு நடக்கிற வேலை. அன்றைக்கு முழங்கால் வரை சேற்றோடு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னீர்கள்: "மச்சான், இதை நாங்கள் ஒழுங்காப் படிப்பம்."

ஒரு குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் படித்தோம். வகுப்பில் விவசாயிகள், ஒரு பல்வைத்தியர், கடைசி வாங்கில் நாங்கள் இரண்டு பேர். மரம், இலை, நாய்க்கு வரும் வருத்தங்கள், துவக்குச் சட்டம் எல்லாம் ஜெர்மனில் பாடமாக்கினோம். நான் முதல்தரமே தேறினேன். நீங்கள் சட்டத்தில் கோட்டைவிட்டு இரண்டாம் தரம் தேறினீர்கள். உயிர்க்கொலை பிடிக்காத அக்காகூட அன்றைக்குப் பாயாசம் வைத்தார்.

அந்தக் கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது, தண்ணீர்ப்பந்தல் அடியில் தெரிந்த ஒருவர் எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்: "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம், இஞ்ச வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்குதோ?"

நீங்கள் கோபப்படவில்லை. "அது எங்களைத் தேடி வந்த துவக்கு அண்ணை," என்றீர்கள். "இது நான் பூட்டி வச்சிருக்கிற துவக்கு."

சுடுவதில் நான் உங்களைவிடக் கெட்டி. ஆனால் காட்டுக்குள் நடப்பதில் உங்களை வெல்ல அந்த வட்டாரத்தில் ஆளில்லை. பாதத்தின் வெளி விளிம்பை முதலில் வைத்து, கீழே சுள்ளி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பிறகுதான் பாரத்தை இறக்குவீர்கள். மூன்று அடி, பிறகு மரம்போல ஒரு நிற்பு. மான் குனிந்து மேய்கிறது என்று நம்பி அசையக்கூடாது, அது குனிவதுபோலப் பாசாங்கு செய்துவிட்டுச் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்க்கும் என்பதை வகுப்பில் எல்லோரும்தான் படித்தோம். அந்தப் பாசாங்குக்கு ஏமாறாமல் இருந்தது நீங்கள் ஒருவர்தான். இரண்டாம் முறை குனிந்து, அதன் வாய் அசைபோடத் தொடங்கிய பிறகே அடுத்த அடி வைப்பீர்கள்.

"காய்ந்த சருகுகூட உன் காலுக்குக் கீழே சத்தம் போடுவதில்லையே, இதை எங்கே பழகினாய்?" என்று ஹைன்ஸ் ஒருநாள் கேட்டார்.

"ஜெர்மனிக்கு வரும்போது," என்றீர்கள். அவர் விளங்கிச் சிரிக்கச் சற்று நேரம் எடுத்தது.

திரும்பி வரும்போது காரில் மிச்சத்தை எனக்கு மட்டும் சொன்னீர்கள். கள்ளமாக எல்லை கடக்க, காட்டுக்குள் எட்டுப் பேர் வரிசையாக நடந்தீர்களாம். நடுவில் வந்த ஒருவருக்கு இருமல். சால்வையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நடந்தவர், கடைசியில் அடக்க முடியாமல் ஒருதரம் இருமிவிட்டார். "அந்த ஒரு இருமல்தான் மச்சான். டோர்ச் வெளிச்சம் முழுக்க எங்கட பக்கம் திரும்பிச்சுது." எட்டுப் பேரையும் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு பாதையால் நீங்கள் தனியே வந்தீர்கள்.

காட்டில் நேரம் பார்ப்பதை நாங்கள் இருவரும் பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் கற்றோம். விடியுமுன் குளிர்காற்று மலையிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். வெயில் சரிவில் பட்டதும் அது திரும்பி மேலே ஏறும். திரும்புவதற்கு முன் பரணில் ஏறி அசையாமல் இருந்தால் மானுக்கு எங்கள் வாடை போகாது. திரும்பிவிட்டால் பள்ளத்துக்குள் நிற்பவன் ஊதுகுழல் ஊதினமாதிரித்தான். நீங்கள் கோயில் திருநீற்றை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவருவீர்கள். ஒரு சிட்டிகை எடுத்து விரலால் உதிர்த்தால் அது போகிற பக்கம் காற்று. "அம்மாளாச்சியின்ர திருநீறை மானுக்கு ஊதுறியளோ?" என்று அக்கா பேசுவார். "நெத்தியிலையும்தான் பூசுறன்," என்பீர்கள்.

எங்கள் இரண்டு பேருக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருந்தது. யார் எந்தப் பரண் என்று காரடியில் முடிவு செய்வோம். சொன்ன நேரத்துக்கு முன் ஒருவரும் இறங்குவதில்லை. என்ன காரணம் என்றாலும் இல்லை. ஹைன்ஸ் இதை எங்களிடம் கேட்டு வாங்கிய சத்தியம். வகுப்பில் படிப்பித்தவர் வேறொன்றும் சொல்லியிருந்தார்: "பெயர் சொல்ல முடியாத எதை நோக்கியும் விரலை மடக்காதே." இந்த இரண்டையும் ஆளுக்கொன்றாக ஒரே காலையில் மீறினோம், அத்தான். நீங்கள் உங்கள் பங்கை மட்டும் அறிந்திருந்தீர்கள்.

ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளில் கந்தசஷ்டி விரதம் தொடங்க இருந்தது. விரதம் முடியும் வரை நீங்கள் துவக்கைத் தொட மாட்டீர்கள். ஆனால் அந்தப் பருவத்துக்குள் சுட்டுக் கணக்குக் காட்டும்படி அரசு ஹைன்ஸுக்கு விதித்திருந்த பெண்மான்களில் ஒன்றாவது உங்கள் கையால் என்று வாக்குக் கொடுத்திருந்தீர்கள். காரை நிறுத்தும்போதே உங்களிடம் ஒரு அந்தரம் தெரிந்தது.

"இண்டைக்கு ஒண்டு விழவேணும் மச்சான்."

"பனிப்புகார் இறங்குது அத்தான். ஒண்டும் தெரியாது போல."

"எழும்பும், எழும்பும். நீ மேல் பரணுக்குப் போ. நான் ஓடைக்கரையில இருக்கிறன். ஒன்பது மணி."

"ஒன்பது மணி."

மேல் பரண் உங்களுக்குத் தெரியும். முன்னால் ஊசியிலை மரங்கள் வண்டு விழுந்து காய்ந்து, வெட்டி அகற்றப்பட்ட வெளி. வெட்டாமல் விட்ட சில மரங்கள் பட்டை உரிந்து சாம்பல் நிறத்தில் நின்றன. காற்றில்லாத நேரத்திலும் அவற்றில் ஏதோ ஒன்று முறுகிக்கொண்டிருக்கும். நிலம் முழுக்கப் பெரணி இனத்துப் பன்னச்செடி இடுப்பளவுக்கு வளர்ந்து, பழுப்பேறிக் காய்ந்து, பனியில் நனைந்து கிடந்தது. நான் ஏறி இருந்தபோது பரணின் ஏணிக்கால்கூடத் தெரியவில்லை. வெளிச்சம் வந்தது, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத வெளிச்சம். எங்கோ ஒரு காகம் ஒருதரம் கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது.

எட்டு மணி கடந்து புகார் கொஞ்சம் விலகியது. இடப்பக்கம் ஒரு மான் நின்றது. தூரம் பார்க்கும் இரட்டைக் கண்ணாடியால் ஆறுதலாகப் பார்த்தேன். பெண்மான், தனியாக, குட்டி இல்லை. பெயரைச் சரியாகவே சொல்லிக்கொண்டேன். துவக்கை எடுக்குமுன் அது பன்னச்செடிக்குள் இறங்கிவிட்டது. புகாரும் மூடிக்கொண்டது. வலப்பக்கமாக வெளியே வரும் என்று நினைத்து, துவக்கை அந்தப் பக்கம் திருப்பி, விளிம்பில் சாய்த்துக் காத்திருந்தேன்.

அது வந்தது. வலப்பக்கம், நான் நினைத்த இடத்திலேயே, நான் நினைத்த நேரத்திலேயே. செடிகளுக்கு மேலே, புகாரில் நிறம் மங்கிச் சாம்பலும் பழுப்புமாகத் தெரிந்த ஒரு முதுகு. கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. திரும்பவும் நகர்ந்தது, நின்றது. தலை தெரியவில்லை, குனிந்து மேய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எண்பது மீற்றர் இருக்கும். பாதுகாப்புப் பூட்டைச் சத்தமில்லாமல் தள்ளினேன். விசையில் விரலை வைத்தேன். துவக்கின் கண்ணாடிக்குள் இருந்த சிலுவைக்கோடு அந்த முதுகில் படுத்திருந்தது.

அது எனக்குப் பின்பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கமாகச் சுட்டால் இறைச்சி பழுதாகும், மிருகமும் துடிக்கும். பக்கவாட்டில் திரும்பட்டும் என்று காத்திருந்தேன். மூச்சைப் பாதி விட்டுப் பிடித்தேன். விட்டேன். திரும்பப் பிடித்தேன். திரும்பத் தொடங்கியது. விரலில் பாரம் ஏற்றினேன்.

அது இருமியது.

மனித இருமல். நெஞ்சின் அடியிலிருந்து வந்த, காய்ந்த, அடக்கப் பார்த்தும் அடங்காத ஓர் இருமல். பிறகு இன்னொன்று, கையால் பொத்தியது. முதுகு நிமிர்ந்தது. உங்கள் தோள். உங்கள் துவக்கின் வார். தொப்பியைக் கழற்றி அதற்குள் வாயை வைத்து மூன்றாம் தரம் இருமினீர்கள்.

என் விரல் விசையை விட்டு எழும்பி, துவக்கின் பக்கவாட்டில் நேராக விறைத்து நின்றது. நான் எழுப்பவில்லை, அதுவாக எழும்பியது. பூட்டைப் போட்டேன். ரவையை எடுக்கும்போது அது கையிலிருந்து வழுக்கிப் பரண் பலகையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்துக்கு நீங்கள் திரும்பவில்லை. குனிந்து, வந்த வழியே, அதே சத்தமில்லாத நடையில் ஓடைப்பக்கம் இறங்கினீர்கள். உங்களைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கலாம். குனிந்து ரவையைத் தேடினேன்.

ஒன்பது மணிக்குக் காரடியில் நின்றீர்கள். முழங்கால்கள் இரண்டும் நனைந்திருந்தன. மேலங்கியில் பன்னத்தூள் ஒட்டியிருந்தது.

"என்ன மச்சான், ஒண்டும் வரேல்லையோ?"

"ஒண்டும் வரேல்லை அத்தான். உங்களுக்கு?"

"எனக்கும் இல்லை. நான் அசையவே இல்லை, கால் விறைச்சுப் போச்சு."

நீங்கள் பொய் சொன்னீர்கள், நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்து அக்கா சுட்ட தோசையைச் சாப்பிட்டோம். அக்கா என் தட்டில் மூன்றாவது தோசையைப் போட்டபோது, அவருடைய கையைப் பார்க்க முடியாமல் எழும்பிப் போய்க் கையைக் கழுவினேன்.

பயத்தில்தான் சொல்லவில்லை என்று முதலில் நினைத்துக்கொண்டேன். சொன்னால் நீங்கள் காட்டுக்கு வருவதை நிறுத்துவீர்கள், அக்கா என்னை வீட்டு நடையில் ஏற்ற மாட்டார், ஹைன்ஸ் இருவரின் அனுமதியையும் பறிப்பார். இப்படிக் காரணங்கள் இருந்தன. ஒரு மாதம் போகட்டும் என்றிருந்தேன். ஒரு மாதம் போன பிறகு, ஏன் ஒரு மாதம் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

அதற்குள் இருமல் தங்கிவிட்டது. அதைக் கவனித்த ஒரே ஆள் நான்தான். காரின் கைப்பெட்டிக்குள் இருமல் இனிப்புகள் நிறைந்தன. கடதாசி சரசரக்கும் என்று வீட்டிலேயே உரித்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். கழுத்துத் துண்டை வாயில் அழுத்தி, முழு உடம்பும் குலுங்க, ஒரு சத்தமும் வெளியே விடாமல் இருமப் பழகினீர்கள். ஒருநாள் உங்கள் வீட்டில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது. அக்கா அடுப்படியில் இருந்து, "இந்த மனுசன் தண்ணியை வீணாக்குது," என்றார். நீங்கள் எதை மறைக்கிறீர்கள், எங்கே மறைக்கப் பழகினீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

"அத்தான், இந்த இருமல் எப்ப தொடக்கம்? டொக்டரிட்டக் காட்டுங்கோ." இவ்வளவுதான் கேட்க வேண்டியிருந்தது. எத்தனையோ தரம் வாயெடுத்தேன். ஆனால் நீங்கள், "நேற்றுத்தான் மச்சான்," என்று சொன்னால், "இல்லை, அன்றைக்கே இருந்தது, நான் கேட்டேன்," என்று சொல்ல வேண்டி வரும். எங்கே கேட்டாய் என்பீர்கள். அந்த இடத்துக்குப் போகப் பயந்து, அந்தப் பாதையில் காலே வைக்காமல் விட்டேன். ஒன்றரை வருடம் விட்டேன்.

ஒரு சித்திரை மாதம் இருமலோடு இரத்தம் வந்தது. அக்கா கண்டுவிட்டார். உடனே டொக்டரிடம் நேரம் கேட்டு டெர்மின் எடுத்தார்; என் ஜெர்மன் நல்லது என்பதால் நானும் வந்தேன். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர், எதிரில் டொக்டர், சுவரில் வெளிச்சத்துக்கு மாட்டிய உங்கள் நெஞ்சுப் படம். எப்போதிருந்து இருமுகிறது என்று அவர் கேட்டார். உங்களுக்கு அது விளங்கியது. ஆனாலும் என்னைப் பார்த்தீர்கள்.

"ரெண்டு மூண்டு மாசமா எண்டு சொல்லு மச்சான்."

நான் அவரிடம் ஜெர்மனில் சொன்னேன்: இரண்டு மூன்று மாதமாக.

அவர் எழுதிக்கொண்டார். ஒன்றரை வருடம் என்று சொல்லியிருந்தால் மருந்து மாறியிருக்குமா, எனக்குத் தெரியாது. மாறியிராது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாய் கூசாமல் சொன்னேன் என்பதை மறக்க முடியவில்லை.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. கார்த்திகையில் உங்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில், யன்னல் பக்கம் சாய்த்து இருத்தியிருந்தார்கள். அக்கா உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போயிருந்தார். வெளியே அந்தப் பகலிலும் புகார். நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மச்சான், ஒண்டு சொல்லவேணும். ஒருக்கா நான் பரணை விட்டு இறங்கினனான். விரதத்துக்கு முதல் ஒரு நாள். உன்ர பக்கம் ஒரு பெண்மானுக்குப் பின்னால வந்தனான். உனக்குத் தெரியுமோ?"

நீங்களே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"இல்லை அத்தான். எனக்குத் தெரியாது."

நீங்கள் நிம்மதியாக மூச்சு விட்டீர்கள். "நல்லவேளை நீ அந்தப் பக்கம் பாக்கேல்லை," என்றீர்கள். "பிழை விட்டனான். மன்னிச்சுக்கொள்." என் கையைப் பிடித்தீர்கள். உங்கள் பிடிக்குள் இருந்தது அதே கை, அதே விரல். மார்கழி பிறந்து பத்து நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இனி, கெல்லரில் அக்கா கேட்ட கேள்வி.

"தம்பி, இவருக்கு அந்த இருமல் எப்ப தொடங்கினது? பக்கத்தில படுத்த எனக்குத் தெரியாமல் போச்சே. ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிக்கிறன். நான் என்ன பொம்பிளை? நீ கிழமைக்குக் கிழமை அவரோட காட்டில இருந்தனீ. உனக்கு ஏதும் தெரியுமோ?"

அவருடைய முகத்தைப் பார்த்தேன். நித்திரை இல்லாத முகம். தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தார். தெரியாது என்று இன்னொருதரம் சொல்ல எனக்கு ஏலாமல் போய்விட்டது. உங்கள் துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் இறங்கி வந்ததை, நான் மான் என்று நினைத்ததை, பக்கவாட்டில் திரும்பட்டும் என்று மட்டும்தான் காத்திருந்ததை. உங்களை அடையாளம் கண்டு சுடாமல் விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவில்லை.

அக்கா அழவில்லை. 

"எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு இருந்தனீ?"

"ஒரு நிமிசம் இருக்கும்."

"விரல்?"

"விசையில."

அக்கா அலுமாரிக் கதவைச் சாத்திச் சாவியைக் கழற்றினார்.

"அப்ப அந்த இருமல் வராட்டி..."

நான் சுவரில் சாய்ந்திருந்த உறையின் வாரைப் பிடித்தேன்.

"வந்ததை நீ அண்டைக்கு வீட்டை வந்து எனக்குச் சொல்லியிருந்தா?"

அலுமாரிச் சாவியைக் கதிரையில் வைத்துவிட்டு அக்கா படியேறிப் போனார். நான் துவக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது வாசலுக்கு வரவில்லை. மூன்று கிழமை தொலைபேசி எடுக்கவில்லை. நான் எடுத்தபோது மணி அடித்து அடித்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீதியின் மறுபக்கம் நின்று உங்கள் வீட்டு யன்னலைப் பார்த்துவிட்டு, மேல்தண்டவாளத்தில் ஓடும் தொங்கு ரயில் ஏறித் திரும்பிவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை வேலையில் நின்றபோது அவருடைய எண் வந்தது.

"தம்பி, எனக்கு மூண்டு நாளா இருமுது. இண்டைக்கே சொல்லுறன். நாளைக்கு டெர்மின் எடுத்திருக்கிறன். நீ வாறியோ?"

"வாறன் அக்கா."

மறுநாள் டொக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். அக்கா மெலிந்திருந்தார். உங்கள் கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார்; கை நீளம் மடித்து விட்டிருந்தது. உள்ளே போனதும் டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார். எப்போதிருந்து? அக்கா என் பக்கம் திரும்பவில்லை. தனக்குத் தெரிந்த ஜெர்மனில், நாளையும் சேர்த்து, சரியாகச் சொன்னார். இது சாதாரணச் சளித் தடிமன் இருமல்தான், ஆனாலும் வீட்டில் நடந்ததைப் பார்க்கும்போது ஒரு படம் எடுத்துவிடுவோம் என்றார் டொக்டர்.

படம் எடுக்கக் கூப்பிடும் வரை திரும்பவும் வெளியே இருந்தோம். அப்போது அக்கா இருமினார். பெரிதாக இல்லை, இரண்டு தரம். முழங்காலில் வைத்திருந்த என் வலது கையின் சுட்டுவிரல் தானாக எழும்பி விறைத்து நேராக நின்றது. தொங்கு ரயிலில், கடையில், கோயிலில் என்று எங்கே யார் இருமினாலும் அது இப்படித்தான் நிற்கிறது, அத்தான். நான் மடக்கினால்தான் மடங்கும். நான் மடக்க முன்னம் அக்கா அதைப் பார்த்துவிட்டார். நான் சொன்னதில் அந்த விரலும் இருந்தது, அவருக்கு விளங்கியது. வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையை நீட்டி, அந்த விரலை மெதுவாக மடக்கி, என் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். பெயர் கூப்பிடும் வரை விடவில்லை.

நாளைக்குப் பத்து மணிக்கு அந்தப் படத்தின் முடிவு சொல்வார்கள். ஒன்பதரைக்கே வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார் அக்கா.